இரண்டு ஓடைகளும் பதினாறு பள்ளிகளும்

உதகையிலிருந்து கூடலூர் போகும் சாலையில், பைக்காராவை எட்டுவதற்கு முன்னால் பிரியும் ஒரு வழி கிளென்மார்கனுக்குப் போகிறது. மேடெல்லாம் புல், மடிப்புகளில் சோலை, தாழ்வில் சதுப்பு. நீலகிரியின் மேட்டுநிலம் முன்பு எப்படி இருந்ததோ அதன் மிச்சம் அங்கே இருக்கிறது. 1954இல் உதகையில் தொடங்கப்பட்ட மத்திய மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள் 1960களின் இறுதியில் அங்கே ஒரு வேலையை ஆரம்பித்தார்கள். அருகருகே இருந்த இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளைத் தேர்ந்துகொண்டார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 32 ஹெக்டேர். இரண்டிலும் ஓடை வெளியேறும் வாயில் அளவைச் சுவர் கட்டி, முதல் சில ஆண்டுகள் எதையும் மாற்றாமல் நீரை மட்டும் அளந்தார்கள். 1972இல் ஒன்றை அப்படியே விட்டுவிட்டு, மற்றதில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நட்டார்கள்.

பிறகு இருபது ஆண்டுகள் காத்திருந்து அளந்தார்கள். மரம் நட்ட பக்கத்து ஓடையில் வந்த நீர் முதல் பத்தாண்டுகளில் ஆண்டுச் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. மரத்தை வெட்டி, அடிக்கட்டையில் துளிர்த்ததை வளரவிட்ட அடுத்த பத்தாண்டுகளில் அந்தக் குறைவு 25 விழுக்காட்டை எட்டியது. கோடையில்தான் இழப்பு கூடுதலாக உறைத்தது. ஊருக்குத் தண்ணீர் அதிகம் வேண்டியிருக்கும் நாட்களும் அவைதான்.

‘மரம் வளர்ப்போம், மழை பெறுவோம்’ என்ற வாசகம் எழுதாத பள்ளிச் சுவர் தமிழ்நாட்டில் குறைவு. நீலகிரியிலும் அப்படித்தான். அந்தச் சுவருக்குப் பக்கத்து மலையிலேயே, எந்த மரம், எந்த நிலத்தில், எவ்வளவு நீரைக் குடிக்கிறது என்று அளந்து எழுதிய ஆய்வு இருக்கிறது. இந்தியாவில் இப்படி நிதானமாக, பக்கத்துப் பக்கத்தில் வைத்து அளந்த ஆய்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. ஆனால் அந்த ஆய்வு ஆங்கிலத்தில், ஆராய்ச்சி இதழ்களில் இருக்கிறது. கேத்தி பள்ளத்தாக்கில் ஏழாம் வகுப்பு படிக்கும் பிள்ளைக்குச் சுவரில் உள்ள வாசகம்தான் பாடம்.

அந்தச் சுவருக்கும் அந்த ஓடைக்கும் நடுவே பாதை போடும் முயற்சி எங்கே பிறந்தது? அதன் தொடக்கமும் 1972தான். இடம்தான் வேறு, மத்தியப் பிரதேசத்தின் அன்றைய ஹோஷங்காபாத் மாவட்டம். நர்மதைக் கரை, கோதுமை வயல், ஓட்டுக்கூரைப் பள்ளிகள்.

அனில் சத்கோபால் அமெரிக்காவில் கால்டெக்கில் முனைவர் பட்டம் பெற்ற உயிரியல் விஞ்ஞானி. மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை பார்த்தார். அந்த வேலையை விட்டுவிட்டு ஹோஷங்காபாத் கிராமப்புறத்தில் ‘கிஷோர் பாரதி’ என்ற அமைப்பைத் தொடங்கினார். அதே மாவட்டத்தில் ரசூலியா என்ற ஊரில் குவேக்கர் சமயத்தாரின் கிராம மையம் ஒன்று முன்பிருந்தே இயங்கிவந்தது. இரண்டும் சேர்ந்து மாநில அரசிடம் வைத்த கோரிக்கை எளிமையானது: பதினாறு அரசு நடுநிலைப் பள்ளிகளில், ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளில், அறிவியலைப் பரிசோதனை வழியாகக் கற்பித்துப் பார்க்க விடுங்கள். அரசு அனுமதித்தது. ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம் அப்படிப் பிறந்தது. தனியார் பள்ளியிலோ நகரத்து ஆய்வுக்கூடத்திலோ அவர்கள் தொடங்கவில்லை. சாதாரண அரசுப் பள்ளியில், அங்கே ஏற்கெனவே வேலை பார்த்துவந்த ஆசிரியர்களோடு தொடங்கினார்கள். இந்தத் தேர்வுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று நினைக்கிறேன்.

டாட்டா நிறுவனத்து விஞ்ஞானிகளும், பிறகு தில்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் கோடை விடுமுறையில் ரயிலேறி வந்தார்கள். வந்தவர்கள் சொற்பொழிவு ஆற்றவில்லை. கிராமத்து ஆசிரியர்கள் மாணவர்களைப்போல் தரையில் குழுக்குழுவாக உட்கார்ந்து ஒவ்வொரு பரிசோதனையையும் தாங்களே செய்து பார்த்தார்கள். கிடைத்த அளவுகளைக் கரும்பலகையில் எழுதி, ஏன் ஒருவருக்கு ஒரு விடை, மற்றவருக்கு வேறு விடை என்று வாதாடினார்கள். பேராசிரியர்களும் அந்த வாதத்தில் ஒரு தரப்பு, அவ்வளவுதான். பள்ளி திறந்த பிறகு அவர்கள் வகுப்பறைகளுக்குப் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மாதம் ஒருமுறை சுற்றுவட்டார ஆசிரியர்கள் கூடி, எந்தப் பாடம் எடுபட்டது, எது எடுபடவில்லை என்று பேசினார்கள். அதை வைத்துப் பாடநூல் திருத்தி எழுதப்பட்டது. புத்தகத்தில் விடைகள் இராது, கேள்வியும் செய்முறையும்தான் இருக்கும். தேர்வில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொள்ளலாம். செய்முறைத் தேர்வும் உண்டு.

இத்திட்டத்தில் எனக்கு மிகப் பிடித்தது சவாலிராம். அப்படி ஒரு மனிதர் கிடையாது. பிள்ளைகள் கேள்வி எழுதி அனுப்புவதற்காக உருவாக்கிய கற்பனைப் பெரியவர் அவர். பாடநூல் வழியாகவே பிள்ளைகளுக்கு அவர் முகவரி தெரியும். கிராமத்துப் பிள்ளைகளின் கடிதங்கள் குவிந்தன. திட்டத்தில் இருந்தவர்கள் பகிர்ந்துகொண்டு, தெரியாததை விஞ்ஞானிகளிடம் கேட்டு, சவாலிராம் பெயரில் பதில் எழுதினார்கள். தனக்கு ஒரு கேள்வி இருக்கிறது, அதைக் கேட்க ஆள் இருக்கிறது, கேட்டால் திட்டமாட்டார் என்ற நிச்சயம் பன்னிரண்டு வயதில் கிடைப்பது சாதாரண விஷயம் இல்லை.

1978இல் திட்டம் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்தது. அதே ஆண்டு, கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து டெல்கோ லாரி ஆலையில் பொறியாளராக இருந்த அர்விந்த் குப்தா விடுப்பு எடுத்துக்கொண்டு அங்கே வந்து சேர்ந்தார். சைக்கிள் வால்வ் டியூபை வெட்டித் தீக்குச்சிகளை இணைத்து வடிவங்கள் செய்யும் வித்தையை அவர் கண்டுபிடித்தது அங்கேதான். குப்பையில் கிடப்பதெல்லாம் ஆய்வுக்கருவி என்று இந்தியா முழுக்க ஆசிரியர்களை நம்பவைத்தவர் அவர். 1982இல் இந்த வேலைகளுக்கென்றே ‘ஏகலவ்யா’ என்ற நிறுவனம் உருவாயிற்று. பிறகு பல மாவட்டங்கள் என்று வளர்ந்த திட்டத்தை மாநில அரசு 2002இல் நிறுத்திவிட்டது. மேல் வகுப்புக்குப் போகும்போது பிள்ளைகளுக்குப் ‘பாடம்’ போதவில்லை என்ற குறை சொல்லப்பட்டது. முப்பது ஆண்டு உழைப்பை அப்படி மூடியிருக்கக் கூடாது. ஆனால் அதற்குள் அது ஊர் ஊராகப் பரவிவிட்டிருந்தது.

தமிழ்நாட்டில் அதை எடுத்துக்கொண்டவர்கள் அறிவியல் இயக்கத்தார். 1980இல் விஞ்ஞானிகளும் கல்லூரி ஆசிரியர்களும் சேர்ந்து தொடங்கிய தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தில் பள்ளி ஆசிரியர்கள் பெருமளவில் சேர்ந்தார்கள். 1987இல் ‘துளிர்’ சிறுவர் அறிவியல் இதழ் வந்தது. மேற்கே கேரளத்தில் இதற்கு முன்பே ஒரு பெரிய பாடம் நடந்து முடிந்திருந்தது. நீலகிரியை ஒட்டிய சைலன்ட் வேலியில் அணை கட்டுவதை எதிர்த்து 1970களின் பிற்பகுதியில் சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் அமைப்பு போராடியது. அதை முன்னெடுத்தவர்களில் தாவரவியல் ஆசிரியர் எம்.கே. பிரசாத் முக்கியமானவர். அணைத் திட்டம் கைவிடப்பட்டு அந்தக் காடு தேசியப் பூங்கா ஆயிற்று. 1986இல் நீலகிரி உயிர்க்கோளக் காப்பகம் அறிவிக்கப்பட்டபோது அதுவும் அதற்குள் வந்தது. காட்டைப் பற்றி விஞ்ஞானி ஒரு பக்கமும் ஆசிரியர் ஒரு பக்கமும் தனித்தனியே பேசினால் யாரும் கேட்பதில்லை, சேர்ந்து பேசினால் அரசு கேட்கும் என்பதை இந்த மலைத்தொடர் கண்ணால் பார்த்திருந்தது.

அடுத்தது 1991. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், சுற்றுச்சூழலைப் பள்ளி, கல்லூரிகளில் கட்டாயப் பாடமாக வைக்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் கட்டாயப் பாடம் என்றால் நம் ஊரில் என்ன ஆகும்? புத்தகம் அச்சாகும், ஒரு மதிப்பெண் வினா, ஐந்து மதிப்பெண் வினா வரும், ‘காற்று மாசுபாட்டின் வகைகள் யாவை’ என்று மனப்பாடம் செய்வார்கள். பெரும்பாலான இடங்களில் அதுதான் நடந்தது. ஓசோன் படலத்தைப் பற்றி எழுதத் தெரிந்த பிள்ளைக்குத் தன் பள்ளிக்குப் பின்னால் ஓடும் சாக்கடை எந்த ஆற்றில் போய்ச் சேருகிறது என்று தெரியாது.

இந்தக் குறையை நேராகத் தொட்டது 1993இல் பிறந்த தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு. குவாலியரில் ஓர் அறிவியல் மையம் சிறிய அளவில் நடத்திப் பார்த்ததைத் தேசிய அளவுக்கு எடுத்துச் சென்றார்கள். பத்து வயது முதல் பதினேழு வயது வரையிலான பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர வேண்டும். வழிகாட்டி ஆசிரியர் ஒருவர் இருப்பார். எடுத்துக்கொள்ளும் பிரச்சினை சொந்த ஊரிலிருந்து வர வேண்டும். நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அளக்க வேண்டும், தினமும் குறிப்பேட்டில் எழுத வேண்டும். பிறகு மாவட்ட, மாநில, தேசிய மாநாடுகளில் விஞ்ஞானிகள் முன் நின்று சொல்ல வேண்டும், தாய்மொழியிலேயே சொல்லலாம். சில ஆண்டுகளுக்கு ஒரு கருப்பொருள் என்று நீர், பல்லுயிர், நிலவளம், பருவநிலை எல்லாம் வந்தன. ஒவ்வொன்றுக்கும் விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் சேர்ந்து செயல்பாட்டுக் கையேடு எழுதினார்கள். தமிழ்நாட்டில் அறிவியல் இயக்கம் இதை எடுத்து நடத்தியது.

அதே 1993 நவம்பரில் குன்னூர் மலைச்சாலையில் மரப்பாலம் பக்கத்தில் மலை சரிந்து உயிர்களைக் கொண்டுபோனது. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் மழை கொட்டி, மாவட்டம் முழுக்கச் சரிவுகள் ஏற்பட்டு நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மில்லிமீட்டரைத் தாண்டியது. இந்த மலையில் வளரும் பிள்ளைக்கு, மண் எவ்வளவு நீரைக் குடிக்கும், எப்போது குடிக்க முடியாமல் வழியும் என்பது வீட்டோடும் உயிரோடும் ஒட்டிய கேள்வி.

அதைக் கேட்க எந்தக் கருவியும் விலைக்கு வாங்க வேண்டியதில்லை. பால்மாவு டப்பா ஒன்றை எடுத்து அடிப்பாகத்தையும் வெட்டி எடுத்துவிட்டால் இரண்டு பக்கமும் திறந்த குழாய். அதை மண்ணில் நிறுத்தி, மேலே பலகை வைத்து, கல்லால் மெல்லத் தட்டி இரண்டு விரற்கடை இறக்க வேண்டும். கோணலாக இறங்கினால் ஓரத்தில் நீர் கசிந்துவிடும், மறுபடி எடுத்து வேறு இடத்தில் அடிக்க வேண்டும். அளந்த நீரை ஒரே மூச்சில் ஊற்றி, கடைசிச் சொட்டு மறையும் நேரத்தைக் குறிக்க வேண்டும். ஒருவர் ஊற்ற, ஒருவர் கைபேசியில் நேரம் பார்க்க, ஒருவர் எழுத, ஒருவர் சுற்றிலும் காட்டெருமை வருகிறதா என்று பார்க்க. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் இந்த நான்காவது வேலை மற்ற மூன்றையும்விட முக்கியம்.

சோலையின் ஓரத்தில் இலைச்சருகு மூடிய மண்ணில் ஊற்றினால் ஊற்றும் வேகத்திலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும். மண்புழு துளைத்த வழி, செத்த வேர் விட்டுப்போன வழி, மக்கிய இலை என்று மண் முழுக்க ஓட்டை. தேயிலைத் தோட்டத்தில் இலை பறிப்பவர்கள் நடந்து நடந்து இறுகிய பாதையில் ஊற்றினால் நீர் டப்பாவிலேயே நின்றுகொண்டிருக்கும், பிள்ளைகள் பொறுமை இழந்து கதை பேச ஆரம்பித்துவிடுவார்கள். செடிகளுக்கு இடையே, கவாத்து வெட்டிய குச்சியும் இலையும் விழுந்து கிடக்கும் மண் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ நிற்கும். ‘தோட்டத்து மண்’ என்று ஒரே எண்ணாக எழுத முடியாது என்பதைப் பிள்ளை அந்த இடத்தில் தானே கண்டுகொள்கிறது.

கற்பூர மரத்தடியில்தான் சிக்கல் ஆரம்பிக்கும். மார்ச்சில் காய்ந்த சருகின்கீழ் ஊற்றினால், நீர் முத்துப்போல் திரண்டு மண்ணில் ஒட்டாமல் நிற்கலாம். அந்த இலையின் மெழுகும் எண்ணெயும் மண்துகள்மேல் படிந்து, காய்ந்திருக்கும்போது நீரைத் தள்ளும். வடகிழக்குப் பருவமழையில் நன்றாக நனைந்த மண்ணில் அதே டப்பாவில் வேறு எண் வரும். “சார், போன தடவ நாம தப்பா அளந்துட்டோமா?” என்று பிள்ளை கேட்கும் இடம் இது. அங்கே ஆசிரியருக்குப் பக்கத்தில் மண் தெரிந்த ஒருவர் வேண்டும். இரண்டு எண்ணும் சரிதான், மாறியது மண்ணின் ஈரம் என்று சொல்ல. டப்பாவை வைத்து மட்டும் கற்பூர மரத்தைக் குற்றவாளி ஆக்க முடியாது, டப்பா அளப்பது மண் குடிக்கும் வேகத்தை, மரம் குடிக்கும் அளவை அளக்க ஓடைக்குத்தான் போக வேண்டும் என்று சொல்ல. கிளென்மார்கன் கணக்கு அந்த இடத்தில் பிள்ளையின் கைக்கு வருகிறது. தானும் அளந்து, முழிபிதுங்கிய பிறகு, இருபது ஆண்டுகள் ஒரே சுவரில் நின்று அளந்தவர்கள் மீது அதற்கு வரும் மரியாதை வேறு.

விஞ்ஞானி கொண்டுவருவது இது. ஆசிரியர் கொண்டுவருவதை யாரும் பட்டியலிட்டு எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் சொல்கிறேன். எந்தச் சரிவு வனத்துறையுடையது, எது எஸ்டேட்டுடையது, யாரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கூடலூர்ப் பக்கம் ஜூலையில் அட்டை கால் முழுக்க ஏறும், ஆகவே புகையிலையோ உப்போ எடுத்துப் போக வேண்டும் என்று தெரியும். எந்தப் பிள்ளையின் அம்மா காலையிலேயே இலை பறிக்கப் போய்விடுகிறார், எந்தப் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிடும் என்று தெரியும். எந்தப் பிள்ளை வகுப்பில் வாயே திறக்காது, ஆனால் காட்டுப்பாதையில் எல்லோருக்கும் முன்னால் நடந்து ஒவ்வொரு செடிக்கும் பெயர் சொல்லும் என்றும் தெரியும். அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டங்களைச் சுற்றியுள்ள பள்ளிகளில் படிப்பவர்களில் பலர் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள். களைக்கொல்லியை எப்போது அடிக்கிறார்கள், அடித்த பிறகு எத்தனை நாள் அந்தப் பக்கம் போகக் கூடாது என்பது அவர்களுக்கு வீட்டுச் செய்தி. பணியர், குறும்பர், இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தேன் எடுக்கும் பருவம் வீட்டுச் செய்தி. வெளியிலிருந்து ஒரு நாள் வந்து போகும் ஆராய்ச்சியாளருக்கு இவை எதுவும் கிடைக்காது.

கோத்தகிரியில் 1990களிலிருந்து இயங்கும் கீஸ்டோன் நிறுவனம், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, அந்நாட்டு மாணவர்களும் நீலகிரிப் பழங்குடி இளைஞர்களும் ஜோடியாக ஆய்வு செய்யும் கல்வித் திட்டம் ஒன்றை நடத்தியது. கல்லூரி வயதினருக்கான திட்டம் அது. இதே ஏற்பாடு பன்னிரண்டு வயதினருக்கும் முழுமையாக வர வேண்டும் என்பது என் ஆசை. அறிவியல் மாநாடு அதில் பாதி தூரம் போயிருக்கிறது. மீதித் தூரத்துக்குத் தேவை, மாநாட்டு மேடையில் நடுவராக உட்காரும் விஞ்ஞானி ஜூன் மாதத்திலேயே பள்ளிக்கு வருவது. நடுவராகச் சந்திக்கும்போது பிள்ளை சரியான விடையைத் தேடுகிறது. கூட நின்று டப்பா அடிக்கும்போதுதான் சந்தேகத்தைச் சொல்கிறது. ஹோஷங்காபாத்தின் பேராசிரியர்கள் வகுப்பின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தது இதற்காகத்தான்.

நீலகிரியில் அதற்கு ஆள் பஞ்சம் இல்லை. உதகையில் அந்த மண், நீர்ப் பாதுகாப்பு மையம் இன்றும் இருக்கிறது. குன்னூரில் தேயிலை ஆராய்ச்சியும் தோட்டக்காரர் சங்கமும் இருக்கின்றன. அரசுக் கலைக் கல்லூரி இருக்கிறது. வனத்துறை இருக்கிறது. மாவட்டத்தின் எந்த அரசு நடுநிலைப் பள்ளியிலிருந்தும் இவற்றில் ஒன்றுக்காவது பேருந்தில் போய்த் திரும்பிவிடலாம்.

கேள்விக்கும் பஞ்சம் இல்லை. இப்போது மலையில் எல்லோரும் பேசும் கேள்வி சீகை மரம். தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து புல்வெளியெங்கும் நட்டது இன்று தானாகப் பரவிக்கொண்டிருக்கிறது. அந்நிய மரங்களை அகற்ற வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. ஆனால் பழனி மலையில் சீகைத் தோப்பின் நிழலில் சோலை மரக் கன்றுகள் முளைத்து எழுவதைப் பார்த்தவர்கள், எல்லா இடத்திலும் ஒரேயடியாக வெட்டினால் அந்தக் கன்றுகளும் போய்விடுமே என்கிறார்கள். முன்பு புல்வெளியாக இருந்த இடத்தில் சோலை வந்தால் அது மீட்பா, இன்னொரு மாற்றமா என்று வேறு சிலர் கேட்கிறார்கள். விஞ்ஞானிகளிடமே இதில் ஒருமித்த கருத்து இல்லை. இடத்துக்கு இடம் விடை மாறும், இடத்துக்கு இடம் எண்ணிய கணக்கு வேண்டும்.

பத்து மீட்டர் கயிறு இரண்டு, நான்கு முளைக்குச்சி. சீகைத் தோப்புக்குள் ஒரு சதுரம் கட்டி, அதற்குள் முளைத்திருக்கும் கன்றுகளில் எத்தனை சீகை, எத்தனை நாவல், எத்தனை விக்கி, எத்தனை பெயர் தெரியாதவை என்று எண்ண வேண்டும். பெயர் தெரியாததன் இலையைச் செய்தித்தாளுக்கு நடுவில் வைத்து, இடமும் தேதியும் எழுதி, தாவரவியல் தெரிந்தவருக்கு அனுப்ப வேண்டும். தோப்பு ஓரத்திலிருந்து சோலை எவ்வளவு தூரம் என்று நடந்து பார்த்து எழுத வேண்டும். அடுத்த ஆண்டு ஏழாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அதே முளைக்குச்சிகளைத் தேடிப்பிடித்து மறுபடி எண்ண வேண்டும். ஒரு ஜூனில் ஆரம்பித்தால், அந்தச் சதுரத்தை முதலில் கட்டியவர்கள் எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் இரண்டு வரிசை எண்கள் கிடைத்துவிடும்.